திரும்ப மறுக்கும் ஸ்லெட்: தப்பு மெஷின்லயா, ஓட்டுற விதத்துலயா?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

இந்த வாரம் கோடு, சர்வர் பக்கமெல்லாம் போகப் போறதில்லை. ஸ்னோமொபைல் பத்திப் பேசலாம்னு இருக்கேன். நான் ஒன்டாரியோவுல இருக்கேன், குளிர்காலத்துல வார இறுதியானா பனித்தடத்துலதான் இருப்பேன்னு போன எபிசோட்ல போற போக்குல சொன்னேன். அதுக்கப்புறம் கனடாவுல இருக்கிற நேயர்கள்கிட்ட இருந்து வந்த கேள்விகள்ல பெரும்பாலானவை ஒரே கேள்விதான். "வளைவுல ஸ்லெட் திரும்ப மாட்டேங்குது. செட்டப்பை மாத்தணுமா, இல்ல நான் ஓட்டுறதை மாத்தணுமா?"

நான் படிச்சது மெக்கானிக்கல், பார்க்கிற வேலை சாஃப்ட்வேர். நம்மள்ல பாதிப் பேர் கதை இதுதானே. அந்தப் படிப்பு எனக்கு உபயோகப்பட்ட அரிதான இடங்கள்ல இது ஒண்ணு. அதனால கொஞ்சம் அடிப்படையில இருந்தே வர்றேன்.

எடை எங்கே உட்காருது?

ஸ்னோமொபைல் தரையைத் தொடுறது மூணு இடத்துல. முன்னால ரெண்டு ஸ்கீ, பின்னால ஒரு ரப்பர் ட்ராக். இழுக்கிற வேலை ட்ராக்கோடது, திருப்புற வேலை ஸ்கீயோடது. பிரேக்கும் ட்ராக்குக்கு மட்டும்தான். முன்னால பிரேக்கே கிடையாது. பைக்ல முன் பிரேக்கை நம்பிப் பழகினவங்க இதை முதல்ல மனசுல ஏத்திக்கணும்.

ஸ்கீ எப்படித் திருப்புது? அடியில ஒரு இரும்புக் கம்பி ஓடும், அதுல கார்பைடு பதிச்சிருப்பாங்க. அந்தக் கூர் விளிம்புதான் இறுகின பனியையும் ஐஸையும் கடிக்குது. கடிக்கணும்னா மேல இருந்து எடை அமுக்கணும். எடை குறைஞ்சா ஸ்கீயைத் திருப்பினாலும் வண்டி நேராவே வழுக்கிட்டுப் போகும். இதை இங்க ஓட்டுறவங்க 'புஷ்'னு சொல்வாங்க.

இப்போ நம்ம ஊர்ப் பார்க்ல இருக்கிற சீசாவை நினைச்சுக்கோங்க. ட்ராக்குக்குள்ள இருக்கிற சஸ்பென்ஷன்ல முன்கை ஒண்ணு, பின்கை ஒண்ணு இருக்கு. அந்த முன்கைதான் சீசாவோட நடு அச்சு மாதிரி. ஒரு முனையில ஸ்கீ, மறு முனையில வண்டியோட வால். வால் கீழே போனா ஸ்கீ லேசாகும். வால் எழும்பினா ஸ்கீ கனக்கும். த்ராட்டிலை அமுக்கினா வால் உட்காரும், விட்டா எடை முன்னால வரும்.

இந்த சீசா மேல இருக்கிற சுமைகள்லயே ஓடும்போது சுலபமா இடம் மாத்தக்கூடியது எது தெரியுமா? நீங்கதான். வண்டி எடை சுமார் 200 முதல் 300 கிலோ. உடை, ஹெல்மெட், பூட்ஸோட நீங்க 85, 90 கிலோ வருவீங்க. அதனால செட்டப்பா, ஓட்டுற விதமான்னு தனித்தனியா கேட்க வேண்டியதில்லை. எடையோட ஆரம்ப நிலையை செட்டப் முடிவு பண்ணுது. அங்க இருந்து ஒவ்வொரு நொடியும் அதை நகர்த்துறது நீங்க.

தயாரிப்பாளர்களுக்கே இது முழுசா உறைக்கக் காலம் பிடிச்சது. பொம்பார்டியே கியூபெக்ல ஸ்கீ-டூவைக் கொண்டுவந்தது 1959ல. அதுக்கப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல, ஓட்டுறவர் பின்னால தள்ளி, காலை முன்னால நீட்டி, சோபாவுல சாய்ஞ்ச மாதிரிதான் உட்கார்ந்தார். 2003 மாடலா வந்த ஸ்கீ-டூ ரெவ் அவரை முன்னால இழுத்து, முழங்காலை மடக்கி, பைக்ல உட்கார்ற மாதிரி உட்கார வெச்சது. பிளேர் மார்கன்ங்கிற பந்தய வீரர் ஸ்னோக்ராஸ் தடத்துல அதை முதல்லயே ஓட்டிக் காட்டியிருந்தார். அப்புறம் மத்த கம்பெனிகளும் அந்தப் பக்கம் வந்துட்டாங்க. எடையில பெரிய பங்கு மனுஷன்தான், அவனைச் சரியான இடத்துல வைக்கணும்ங்கிறதுதான் அந்த வடிவமைப்போட சாரம்.

ஒரு அண்ணாவோட ஸ்லெட்

ஸ்கார்பரோவுல எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணா இருக்கார். யாழ்ப்பாணத்துல இருந்து வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ரெண்டு பேர் உட்கார்ற ஸ்லெட் ஒண்ணு, 137 அங்குல ட்ராக், பழசா வாங்கினார். வார இறுதியில மகனைப் பின்னால ஏத்திக்கிட்டுத் தடத்துல போவார். ஒரு நாள் மறைவான வலது வளைவு ஒண்ணுல ஸ்லெட் திரும்பாம எதிர்ப்பக்கத்துக்குப் போயிடுச்சு. எதிரே இன்னொரு ஸ்லெட். அவர் ஒதுங்கினதால யாருக்கும் அடியில்ல. நடுவுல இருந்த தூரம் ஒரு கார் நீளம்கூட இருக்காதுன்னு சொன்னார். வீட்ல அக்கா, "உதை வித்துப்போட்டு வாங்கோ"ன்னு முடிவாவே சொல்லிட்டாங்க.

என்கிட்ட அவர் சொன்னது இதுதான்: "தம்பி, நேரா மட்டும் நல்லாப் போகுது. திரும்பச் சொன்னாக் கேட்குதில்லை."

நான் ரெண்டே கேள்வி கேட்டேன். தனியா ஓட்டும்போதும் இப்படித்தானா? "இல்லை, அப்ப பரவாயில்லை." வளைவுக்குள்ள போனதும் கட்டைவிரல் என்ன பண்ணுது? கொஞ்சம் யோசிச்சார். "வண்டி வெளிய போற மாதிரி இருந்தா, இழுத்துக்கொண்டு வரட்டும் எண்டு கொஞ்சம் குடுப்பன்."

பாதிப் பதில் அங்கயே வந்துருச்சு. பின்னால ஒருத்தர் ஏறினா சீசாவோட வால் கனக்குது, முன்னால ஸ்கீ லேசாகுது. அந்த நிலைமையில த்ராட்டிலும் கொடுத்தா வால் இன்னும் உட்காரும். திரும்பறதுக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பிடியும் போயிடும்.

அடுத்த சனிக்கிழமை வண்டியைப் பார்த்தோம். முதல்ல கார்பைடு. விளிம்பு மழுங்கி உருண்டையா ஆகியிருந்தது. விரல் நகத்தை அந்த விளிம்புல மெதுவா உரசினா லேசாச் சுரண்டணும். இது சும்மா வழுக்குச்சு. அடுத்து பின்னால இருக்கிற டார்ஷன் ஸ்பிரிங். அதோட கேம் ரொம்ப மென்மையான நிலையில இருந்தது. முன்னாடி வெச்சிருந்தவர் தனியா ஓட்டியிருப்பார் போல. ரெண்டு பேர் போற ஸ்லெட்ல அந்த கேமைத் திருப்பி இறுக்கிக்கலாம். அது அதுக்காகவே வெச்சிருக்கிற வசதி, சின்னச் சாவி ஒண்ணுல நிமிஷத்துல முடிஞ்சிடும். கார்பைடைப் புதுசு பண்ணி, கேமை ரெண்டு பேருக்கான நிலைக்கு மாத்தி, அதே தடத்துல மகனோட ஓட்டிப் பார்த்தார். ஸ்லெட் திரும்புச்சு. மிச்சம் இருந்தது அந்தக் கட்டைவிரல் பழக்கம். அதுக்குத்தான் ரெண்டு வாரம் ஆச்சு. ஸ்லெட் இன்னும் அவர்கிட்டதான் இருக்கு.

எதைத் திருகினா என்ன ஆகும்?

கேள்வி கேட்டவங்களுக்காக வரிசையா சொல்றேன். எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் எஞ்சினை நிறுத்தி, டெதரைக் கழட்டிடுங்க.

முதல்ல கார்பைடு. மழுங்கியிருந்தா வேற எதையும் தொடாதீங்க, அதை மாத்துங்க. ட்ராக்ல ஸ்டட் போட்டிருக்கிறவங்களுக்கு இது ரெட்டிப்பு முக்கியம். பின்னால பிடி அதிகம், முன்னால பிடி குறைவுன்னா ட்ராக் ஸ்கீயை நேராத் தள்ளிக்கிட்டே போகும்.

ரெண்டாவது, பின் ஸ்பிரிங். பின் பம்பரைத் தூக்கி சஸ்பென்ஷன் முழுசா நீண்டதும் உயரத்தை அளந்துக்கோங்க. அப்புறம் இறக்கி, சவாரி உடையோட, வழக்கமா உட்கார்ற இடத்துல உட்கார்ந்து மறுபடி அளங்க. ரெண்டுக்கும் இருக்கிற வித்தியாசம் எவ்வளவு இருக்கணும்னு உங்க மாடலோட கையேட்டுல இருக்கும். உங்க எடைக்கு இதைச் சரி பண்ணாம மத்ததைத் திருகுறது, தப்பான இன்புட்டை வெச்சு அவுட்புட்டைத் திருத்துற மாதிரி.

மூணாவது, நடு ஷாக்கும் லிமிட்டர் ஸ்ட்ராப்பும். நடு ஷாக்கோட ஸ்பிரிங்கை இறுக்கினா ஸ்கீ லேசாகும், தளர்த்தினா கனக்கும். லிமிட்டர் ஸ்ட்ராப்ங்கிறது முன்கை எவ்வளவு கீழே நீளலாம்னு கட்டிப் பிடிக்கிற பட்டை. அதைச் சுருக்கினா ஸ்கீல எடை கூடும், வளைவுல நல்லாக் கடிக்கும். ஆனா இலவசமா எதுவும் கிடைக்காது. ரொம்பச் சுருக்கினா ஹேண்டில்பார் கனக்கும், தோள் வலிக்கும், ட்ராக்கோட பிடி குறைஞ்சு வால் வழுக்க ஆரம்பிக்கும். ரெண்டு ஸ்ட்ராப் இருந்தா ரெண்டையும் ஒரே அளவுக்கு மாத்துங்க.

நாலாவது, முன் ஸ்பிரிங். இது அளவுக்கு மீறி இறுக்கமா இருந்தா முன்பகுதி உயர்ந்து நிக்கும். வளைவுல உள்பக்க ஸ்கீ சுலபமாத் தூக்கும். 'திரும்பலை'ன்னு சொல்றவங்க முதல்ல கை வைக்கிறது இங்கதான். நான் இதைக் கடைசியாத்தான் தொடுவேன்.

இன்னொரு புகார், நேர்ப்பாதையில ஹேண்டில்பார் இங்கயும் அங்கயும் இழுக்குதுன்னு. இதுக்குப் பேர் 'டார்ட்டிங்'. முன்னாடி போனவங்களோட ஸ்கீ கீறின கோடுகளுக்குள்ள உங்க கார்பைடு மாட்டிக்குது. ரெண்டு ஸ்கீயும் ஒண்ணுக்கொண்ணு சரியான கோணத்துல இருக்கா, ஸ்டியரிங் இணைப்புகள்ல ஆட்டம் இருக்கான்னு பாருங்க. ஸ்கீக்கு ரெண்டு ஓரமா கார்பைடு வெச்ச ரன்னர்களும் கிடைக்குது, இதுக்கு நல்லா உதவும். அப்புறம் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீங்க. இறுக்கினா ஒவ்வொரு சின்ன இழுப்பையும் நீங்களே பெருசாக்கிடுவீங்க.

உடம்பால செய்ய வேண்டியது

பைக் வளைவுல தானா உள்பக்கம் சாயும். தடத்துல ஓடுற ஸ்லெட் அப்படிச் சாயாது. அது உங்களை வெளிப்பக்கம் தள்ளும், உள்பக்க ஸ்கீயைத் தூக்கப் பார்க்கும். அதனால சாய வேண்டியது நீங்க. சீட்ல முன்னால நகர்ந்து, இடுப்பை உள்பக்கமாக் கொண்டு போங்க. தலையை மட்டும் சாய்க்கிறது சாய்றது ஆகாது.

வேகத்தை வளைவுக்கு முன்னாடியே, வண்டி நேரா இருக்கும்போதே குறைச்சிடுங்க. உள்ள போய் பிரேக்கை அழுத்திப் பிடிச்சா ட்ராக் பூட்டிக்கும், வால் சுத்தும். வளைவோட முடிவு கண்ணுல பட்ட பிறகு த்ராட்டிலை மெதுவாக் கொடுங்க. ஒன்டாரியோ தடங்கள்ல பொதுவான வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர்தான். எதிரே யார் வர்றாங்கன்னு தெரியாத வளைவுல அதுவே அதிகம்.

ஒரு எச்சரிக்கை. நான் சொன்னதெல்லாம் இறுகின தடத்துக்கு. பிரிட்டிஷ் கொலம்பியா மலைகள்ல ஆழமான புதுப்பனியில இதுல பாதி தலைகீழ். தடத்து ஸ்லெட்ல ஸ்கீகளுக்கு நடுவே சுமார் 42, 43 அங்குல இடைவெளி. மலை ஸ்லெட்ல அது 36 அங்குலம் பக்கத்துல. ட்ராக் 154, 165 அங்குலம், அதுல இருக்கிற ரப்பர் பற்கள் சில மாடல்ல 3 அங்குல உயரம். சாய்வைத் தடுக்கிற ஸ்வே பாரைக்கூடப் பல பேர் கழட்டிடுவாங்க. அங்க வண்டி ஒருக்களிச்சு சாயணும், அதுதான் திரும்புற வழி. மலைச்சரிவுல குறுக்கே போகும்போது ஸ்கீயைப் பள்ளத்துப் பக்கம் திருப்பி, உடம்பை மேட்டுப் பக்கம் சாய்ப்பாங்க. அதனால மலை வீடியோவைப் பார்த்துட்டுத் தடத்து ஸ்லெட்டைத் திருகாதீங்க.

ஒரு நேரத்துல ஒரு மாற்றம்

கடைசியா, என் வேலையில இருந்து நான் கொண்டு வந்த ஒரே பழக்கம். திருகுறதுக்கு முன்னாடி இப்போ இருக்கிற நிலையை எழுதி வெச்சுக்கோங்க. எத்தனை கிளிக், எத்தனை மரை, கேம் எந்த நிலை, எல்லாமே. போன்ல ஒரு படம் எடுத்தாலும் போதும். கொஞ்ச தூரம் ஓட்டி ஷாக்குகள் சூடான பிறகு, ஒரே வளைவு, ஒரே வேகம், ஒரே ஒரு மாற்றம். சரியா வரலைன்னா பழைய நிலைக்குத் திரும்புங்க. மூணு மாற்றத்தை ஒண்ணாப் பண்ணினா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது. சில நேரம் ஒண்ணு சரி பண்ணினதை இன்னொண்ணு கெடுத்திருக்கும்.

இதுல முதல் சோதனைக்குக் காசே வேண்டாம். புஷ் ஆகுற அதே வளைவுல, சீட்ல ஒரு சாண் முன்னால நகர்ந்து, த்ராட்டிலை விட்டுட்டு உள்ள போய்ப் பாருங்க. ஸ்லெட் திரும்பினா, கார்பைடுல இன்னும் உயிர் இருக்கு, எடைதான் தப்பான இடத்துல இருந்திருக்குன்னு தெரிஞ்சுக்கலாம். அப்பவும் திரும்பலைன்னா கார்பைடுல இருந்து வரிசையா ஆரம்பிங்க. புது ஷாக் வாங்குறது, வண்டியை விக்கிறது எல்லாம் அதுக்கப்புறம்.

பின்னால யாரையாவது ஏத்துறீங்கன்னா, ஏத்தின அன்னிக்கே அந்த கேமைத் திருப்புங்க. அவங்க இறங்கின பிறகு மறக்காமப் பழைய நிலைக்குக் கொண்டு வாங்க.

உங்க மாடலையும், உடையோட உங்க எடையையும், வண்டி என்ன பண்ணுதுன்னும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல ரெண்டு மூணு பேரோடதை எடுத்துப் பேசலாம். பத்திரமா ஓட்டுங்க.