எண்ணெயும் சுருள்வில்லும்

வானொலி அலைகள் பேச்சையும் பாட்டையும் மட்டுமே சுமந்து வருவன அல்ல. கைக்கருவி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, எட்டத்தில் நிற்கும் சிறு வண்டியைப் பாறைமேல் ஏற்றவும் அவை பயன்படுகின்றன. 'ராக் கிராலர்' எனப் பெயர் பெற்ற இவ்வண்டி பெரும்பாலும் உண்மை மோட்டாரில் பத்தில் ஒரு பங்கு அளவினது. விரைந்தோடுவது இதன் தொழில் அன்று. நத்தைபோல் ஊர்ந்து, கவிழாமல் மேட்டை அடைவதே இதன் பெருமை.

சென்ற குளிர்காலத்தில், டில்லியிலுள்ள ஆரவல்லிக் குன்றின் பாறை ஒன்றில், நம் மகனுடைய வண்டி மும்முறை முன்புறம் தூக்கிப் பின்பக்கமாகக் கவிழ்ந்தது. கைச்செலவுப் பணத்தைப் பல மாதம் சேர்த்து அவன் வாங்கிய வண்டி அது. "எல்லாம் தளர்ந்து கிடக்கிறது, இறுக்கிவிட்டால் சரியாகும்" என்று நாம் தீர்ப்புக் கூறினோம். "ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாமே, அப்பா" என்றான் அவன். நாம் கேட்கவில்லை. நான்கு சக்கரங்களுக்கும் வலிய சுருள்வில். நான்கு தாங்கிகளிலும் தடித்த எண்ணெய். அடுத்த ஞாயிறன்று வண்டி பக்கவாட்டில் உருண்டு, அச்சின் ஒரு பாகம் முறிந்தது. பையன் ஒன்றும் சொல்லாமல் முறிந்த துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டான். அந்த மௌனமே நமக்குப் போதுமான கண்டனமாயிற்று.

பிழை எங்கே நேர்ந்தது? மொழிபெயர்ப்பு நமது தொழில். ஒரு சொல்லுக்குள் இரு பொருள் ஒளிந்திருக்கிறதா என்று நாள்தோறும் ஆராய்பவர்கள் நாம். அப்படியிருந்தும், 'இறுக்கம்' என்ற ஒரே சொல்லால் இருவேறு குணங்களைக் குறித்து ஏமாந்தோம்.

சுருள்வில் பாரத்தைத் தாங்குவது. எவ்வளவு அமுக்குகிறோமோ அதற்கேற்ற அளவு எதிர்த்துத் தள்ளும் என்ற விதியை ராபர்ட் ஹூக் 1678-இல் விளக்கினார். மெல்ல அமுக்கினும் விரைந்து அமுக்கினும் அதற்கு ஒன்றே. எண்ணெயின் இயல்பு வேறு. தாங்கியின் குழாய்க்குள் துளைகளுள்ள பிஸ்டன் ஒன்று மேலும் கீழும் செல்கிறது. எண்ணெய் அத்துளைகளின் வழியே பிதுங்கிச் செல்ல வேண்டும். பிஸ்டன் விரைந்தால் தடை மிகும். நின்றால் தடையே இல்லை. நிற்கும் வண்டியின் பாரத்தை எண்ணெய் இம்மியும் சுமப்பதில்லை. ஆக, வண்டி எவ்வளவு அமிழலாம் என்பதை வில் தீர்மானிக்கிறது. எவ்வளவு விரைவில் அமிழலாம், எழலாம் என்பதை எண்ணெய் தீர்மானிக்கிறது.

இதற்கு ஏற்றது சிலிகோன் எண்ணெய். வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் அதன் பாகுநிலை கனிம எண்ணெயைப்போல் பெரிதும் மாறுவதில்லை. புட்டியில் 30, 40 என்று எண் இருக்கும். இவ்வெண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். சென்டிஸ்டோக் என்னும் அளவே நம்பத்தக்கது. அசோசியேட்டட் நிறுவனத்தின் கணக்கில் 30 என்பது 350 சென்டிஸ்டோக். 40 என்பது 500. தண்ணீருக்கோ ஏறத்தாழ 1 தான்.

இனி நமது தவறு விளங்கும். வலிய வில் அமுங்க மறுத்ததால், ஒரு சக்கரம் கல்மேல் ஏறியதும் மற்றொன்று தரையை விட்டு எழுந்தது. தடித்த எண்ணெயால் அது பள்ளத்தில் இறங்கவும் தாமதித்தது. அந்தரத்தில் தொங்கும் சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது?

மகன் சொன்ன வழியே சென்றோம். பழைய மெல்லிய வில்லையும் பழைய எண்ணெயையும் எல்லாவற்றிலும் திரும்ப இட்டோம். பிறகு பின்புறத்தில் மட்டும் ஒரு படி வலிய வில். ஏறும்போது பின்பகுதி அமிழ்வது குறைந்தது. அடுத்த வாரம் முன்புறத்தில் மட்டும் சற்றே தடித்த எண்ணெய். அது முன்பகுதி எழுவதை அடியோடு தடுக்காது, தாமதப்படுத்தும். அந்தத் தாமதத்தில் விசையைத் தளர்த்த ஓட்டுபவனுக்கு அவகாசம் கிடைக்கிறது.

எண்ணெய் வார்த்தபின் பிஸ்டனை மெல்ல ஏற்றி இறக்கி, குமிழிகள் யாவும் வெளியேறும்வரை பொறுத்திருக்க வேண்டும். காற்று தங்கினால் தடை ஒருசீராக இராது. மூடியபின் வண்டியை அமுக்கி விட்டுப் பார்க்கலாம். ஒருமுறை எழுந்து அமைந்தால் நன்று. துள்ளினால் எண்ணெய் மெலிது. சோம்பி எழுந்தால் தடித்தது. நிற்கும்போதே ஒருபுறம் சாய்ந்திருந்தால் எண்ணெயைக் குறை கூறிப் பயனில்லை, வில்லைப் பாருங்கள்.

மூன்றாம் ஞாயிறு வண்டி அதே பாறையில் ஏறிற்று. இம்முறை கைக்கருவி மகனிடம் இருந்தது. உதிரிப் பாகங்கள் அடங்கிய பை நம்மிடம் இருந்தது. அதுவே முறையான வேலைப் பங்கீடு என்று இப்போது நமக்கும் தோன்றுகிறது.