ஆசிரியர் இட்ட கையொப்பம்

பாடப் புத்தகத்தில் இடம்பெற்ற ஆசிரியர் ஒருவர் இன்னும் உயிரோடிருப்பார் என்று நம் நாட்டுப் பிள்ளைகள் எளிதில் எண்ணுவதில்லை. பாடத்தின் தலைப்பு, அதன்கீழ் ஒரு பெயர், இறுதியில் நான்கு வரியில் ஆசிரியர் குறிப்பு. அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டால் அவரோடு நமக்குள்ள தொடர்பு தீர்ந்தது. அப்படிப் படித்த பெயர் ஒருநாள் மூக்குக் கண்ணாடி அணிந்த ஒரு பெரியவராக எதிரே அமர்ந்திருந்தால் ஒரு சிறுவனுக்கு எப்படி இருக்கும்?

முசூரிக்குச் சென்ற பல சிறுவர்களுக்கு அந்த வியப்பு வாய்த்திருக்கிறது. இமயமலைச் சரிவில், டேராடூனுக்கு மேலே உள்ள அந்த ஊரின் மால் சாலையில் கேம்பிரிட்ஜ் புக் டிப்போ என்று ஒரு புத்தகக் கடை. ஆங்கிலத்தில் எழுதும் ரஸ்கின் பாண்ட் பல ஆண்டுகள் சனிக்கிழமை பிற்பகல்களில் அங்கே வந்தமர்ந்து, வாசகர் நீட்டும் நூல்களில் கையொப்பமிடுவதை வழக்கமாகக் கொண்டிருந்தார். அவர் 1934-ஆம் ஆண்டில் கசௌலியில் பிறந்தவர். பதின்ம வயதில் எழுதிய முதல் நாவல் 1956-இல் வெளிவந்து, மறு ஆண்டே இங்கிலாந்தில் பரிசும் பெற்றது. 1963 முதல் முசூரியையே தம் ஊராக்கிக்கொண்டார். கடையோ சிறியது. ஆகையால் சமவெளியிலிருந்து கோடை விடுமுறைக்கு மலையேறி வந்த குடும்பங்கள் வாசலுக்கு வெளியே, சாலையில் வரிசை பிடித்து நிற்க வேண்டியிருந்தது.

வரிசையில் நிற்கும்போது நூறு கேள்விகள் நெஞ்சில் எழும். முன்னால் நிற்பவர் நகர்ந்து நம் முறை வந்ததும், அந்த நூறில் ஒன்றுகூட நாவில் வருவதில்லை. கிடைப்பது ஒரு நிமிடம். 'உங்கள் நூல்களையெல்லாம் படித்திருக்கிறேன்' என்று சொல்லிவிட்டு நகர்வோரே மிகுதி. என் கருத்தில் அது வீணாகும் நிமிடம். இன்ன கதையில் வரும் இன்ன பிள்ளை பிறகு என்ன ஆனான் என்று கேட்டால், எழுதியவர் நிமிர்ந்து பார்ப்பார். தம் மனத்தில் பிறந்த ஒருவனைப் பற்றி வேறொருவர் கவலைப்படுகிறார் என்பதைக் காட்டிலும் எழுத்தாளருக்கு வேறு நற்செய்தி உண்டோ?

அந்த ஒரு நிமிடத்தில் இன்னொன்றும் நிகழ்கிறது. அவர் நம் பெயரைக் கேட்கிறார்; எழுத்துப் பிழையின்றி எழுதவேண்டுமென்று மறுபடியும் கேட்கிறார். அதுவரை அவர் பெயரை நாம் படித்துக்கொண்டிருந்தோம். இப்பொழுது நம் பெயரை அவர் எழுதுகிறார். இக்காலத்தில் சில கடைகளில் ஆசிரியர் முன்கூட்டியே கையொப்பமிட்ட பிரதிகளை அடுக்கி வைத்து விற்கிறார்கள். அவற்றிலும் மை இருக்கிறது; நம் பெயர் இல்லை. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, புத்தகத்தைப் பிரிக்காமலே திரும்புவோரைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

கையொப்பத்துக்கு விலை வைத்த பெரியவரும் உண்டு. காந்தியடிகள் ஐந்து ரூபாய் பெற்றுக்கொண்டே கையொப்பமிட்டார். பணம் ஹரிஜன நிதிக்குச் சென்றது. கவி ரவீந்திரநாதரோ பணம் கேட்கவில்லை. கேட்டவருக்குப் பலமுறை கவிதையே எழுதிக் கொடுத்தார். சீனத்திலும் ஜப்பானிலும் விசிறிகளிலும் பட்டுத் துணிகளிலும் அவ்வாறு எழுதித் தந்த சிறு பாக்களின் வழியில் பிறந்ததுதான், அவர் கையெழுத்திலேயே அச்சான 'லேகன்' என்னும் நூல்.

அவரிடம் கையொப்பம் வேண்டிச் சாந்திநிகேதனம் சென்ற ஒரு சிறுவனின் கதை வங்காளத்தில் யாவரும் அறிந்தது. புதிதாக வாங்கிய குறிப்பேட்டின் முதல் ஏட்டில் ரவீந்திரநாதர் எழுதவேண்டும் என்பது அவன் ஆசை. பாட்டனாரும் தந்தையாரும் கவிஞருக்கு நண்பர்கள். இருவரும் அப்போது உயிருடன் இல்லை. தாயாரே அவனை அழைத்துச் சென்றார். கவிஞர் உடனே எழுதித் தரவில்லை. ஏட்டை வைத்துவிட்டுப் போகும்படியும் மறுநாள் காலையில் வந்து பெற்றுக்கொள்ளும்படியும் சொன்னார். மறுநாள் சென்றபோது மேசைமேல் குவிந்திருந்த கடிதங்களுக்கும் நூல்களுக்கும் அடியிலிருந்து அதைத் தேடி எடுத்தார். உள்ளே, ஒரு பனித்துளியைப் பற்றி எட்டு அடியில் ஒரு பாடல். பையன் இதை வைத்திருக்கட்டும், வளர்ந்தபின் பொருள் விளங்கும் என்று தாயாரிடம் சொல்லிக் கொடுத்தார்.

ஊர் ஊராகக் கடிதங்கள் வந்து குவிந்த மேசையில், ஒரு குழந்தையின் ஏட்டுக்கு அவ்வளவு நேரம் கிடைத்திருக்கிறது, நேயர்களே. அந்தச் சிறுவன் 1940-இல் சாந்திநிகேதனத்துக்கே மாணவனாகச் சென்று ஓவியம் பயின்றான். மறு ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் கவிஞர் மறைந்தார். 1961-இல் அவருடைய நூற்றாண்டு வந்தபோது, அவர் வாழ்க்கையைத் திரைப்படமாக எடுக்கும் பணி அந்த மாணவனிடமே வந்து சேர்ந்தது. அதற்குள் அவரை உலகம் சத்யஜித் ராய் என்று அறிந்திருந்தது.