உடைந்த சில்லுகளால் ஆன தோட்டம்
(ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிறருக்கு உதவப் புறப்படுகிற நம் எல்லோரிடமும் ஒரு பலவீனம் உண்டு. அவர்களுக்கு என்ன தேவை என்று நாமே தீர்மானித்து, நாமே செய்து முடித்து, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். சில வருஷங்களில் அது பாழாய்க் கிடப்பதைக் கண்டு, இந்த ஜனங்களுக்கு எவ்வளவு செய்தும் பிரயோஜனமில்லை என்று சலித்துக்கொள்கிறோம். இப்படிச் சலித்துக்கொண்டவர்களில் நாங்களும் உண்டு. ஆகவே இன்று ஒரு தோட்டத்தின் கதையைச் சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் வடபகுதி ஒரு காலத்தில் தொழிற்சாலைகள் நிறைந்த இடம். ஆலைகள் மூடப்பட்டன, வேலை போயிற்று, முடிந்தவர்கள் வெளியேறினார்கள். வீடுகள் இடிக்கப்பட்ட காலி மனைகளில் குப்பை குவிந்தது. அங்கே ஆர்தர் ஹால் என்ற நடனக் கலைஞர் ஒரு கலைக்கூடம் நடத்திவந்தார். அதை அடுத்திருந்த மனையைச் சீர்செய்து தரும்படி 1986-ல் லில்லி யே அம்மையாரை அவர் அழைத்தார். அம்மையார் சீனாவில் பிறந்த ஓவியர். அந்நகரில் அப்போது கலை கற்பித்துவந்த ஆசிரியை. கையில் இருந்த நிதியோ 2,500 டாலர். இது நடக்கிற காரியமல்ல என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அவருக்கும் பயந்தான். விலகிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனாலும் போனார்.

முதலில் வந்தவர்கள் சிறுவர்கள். பிறகு அத்தெருவில் குடியிருந்த ஒருவர் துணைக்கு வந்தார். அவரைப் பார்த்து மற்றப் பெரியவர்களும் வந்தார்கள். மனையின் நடுவில் ஒரு வட்டம் வரைந்து வேலையைத் தொடங்கினார்கள். சிமெண்டால் மரங்கள் எழுந்தன. சுவர்களில் மொசைக் வேலை நடந்தது.

இந்த மொசைக் வேலையை நாம் சற்றுக் கவனிக்க வேண்டும். பெரிய ஓவியம் தீட்டக் கைதேர்ந்தவர் வேண்டும். சில்லுகளைப் பதிக்கும் வேலையிலோ எல்லாருக்கும் இடமுண்டு. உடைந்த டைல்ஸ் துண்டுகளைச் சிறுபிள்ளைகள் நிறம்வாரியாகப் பிரிக்கலாம். வாலிபர்கள் சிமெண்ட் குழைக்கலாம். நிற்க முடியாத பாட்டி உட்கார்ந்தபடியே துண்டுகளை அடுக்கலாம். நன்றாகப் பதிந்த சில்லு வெயிலுக்கும் மழைக்கும் பல வருஷம் தாங்கும். தான் பதித்தது எது என்பதை அவரவர் அறிவார்; தன் கைபட்டதை உடைக்க யாருக்கு மனம் வரும்?

'பிக் மேன்' என்று அழைக்கப்பட்ட ஜேம்ஸ் மேக்ஸ்டன் அங்கே வந்தபோது போதைப்பொருளால் வாழ்க்கை சீரழிந்திருந்தவர். அவர் மொசைக் வேலையைக் கற்று, அதில் தேர்ந்து, பிறருக்குக் கற்பிக்கும் ஆசிரியரானார். ஒரு சந்தின் சுவரில் வரிசையாக நிற்கும் தேவதூதர் உருவங்கள் அவர் கைவண்ணத்தில் உருவானவை. சீர்பட்டது மனை மட்டுமல்ல என்பதை அவரிடம் கண்டோர் அறிந்தார்கள்.

1989-ல் அம்முயற்சி ஒரு நிறுவனமாயிற்று. பத்துக்கும் மேற்பட்ட பூங்காக்களும் தோட்டங்களும் அவ்வட்டாரத்தில் உண்டாயின. 2004-ல் அம்மையார் விலகிய பின்னும் அப்பணி நின்றுவிடவில்லை. அந்த ஆண்டே அவர் ருவாண்டா நாட்டின் ருகெரெரோ என்ற இடத்துக்குப் போனார். 1994-ல் நடந்த இனப்படுகொலையில் மாண்டவர்களுக்கு அங்கே தகுந்த நினைவிடம் இல்லை. அம்மையார் வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து கட்டிக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. தப்பிப் பிழைத்தவர்களுக்கே மொசைக் வேலையைக் கற்றுக்கொடுத்தார். தங்கள் உறவினரின் எலும்புகள் இளைப்பாறும் இடத்தை அவர்கள் தங்கள் கைகளாலேயே அலங்கரித்தார்கள். அந்தத் துக்கத்துக்கு வேறு யார் கை பொருந்தும்?

பிரியமானவர்களே, பணம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த 2,500 டாலர் இல்லாமல் முதல் மூட்டை சிமெண்டும் வந்திருக்காது. ஆனால் பணத்தோடு நாமே எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டால், அவர்களுக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. இனி எந்தக் காரியத்தைத் தொடங்கும்போதும் ஒரு கேள்வியை முதலில் கேட்போம்: இதில் அவர்கள் கை எங்கே படப்போகிறது? அதற்குப் பதில் கிடைக்கும்வரை சற்றுப் பொறுத்திருக்கவும் கற்றுக்கொள்வோம்.