ஒரு பலகை, இரண்டு ஆட்டம்

வீட்டில் பழைய சில்லறை போட்டுவைத்த டப்பா இருந்தால், இந்த உரை முடிந்ததும் அதைக் கொட்டிப் பாருங்கள். 1989-இல் வெளிவந்த மலேசியக் காசு வரிசையைச் சேர்ந்த 10 சென் காசு ஒன்றாவது அகப்படும். அதன் ஒரு பக்கத்தில் செம்பருத்திப் பூ. மறுபக்கத்தில் மலாய்க்காரர்கள் ஆடும் சொங்காக் பலகை. அதே வரிசையில் 1 வெள்ளிக் காசுக்குக் கிரிஸ் கத்தி, 50 சென்னுக்கு வாவ் பட்டம், 5 சென்னுக்குப் பம்பரம். நாட்டுக்கு அடையாளம் என்று பொறுக்கி எடுத்தவற்றில், வீட்டு வாசலில் உட்கார்ந்து ஆடுகிற ஒரு பலகைக்கும் இடம் கிடைத்ததே என்று எனக்கு இன்றைக்கும் மகிழ்ச்சிதான்.

நான் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. புறப்பாட நேரத்தில் பிள்ளைகளுக்குப் பலகை விளையாட்டுக் கழகம் நடத்துகிறேன். பெற்றோர் சந்திப்பு நாள் வந்தால், கணக்கு மதிப்பெண்ணை விசாரித்த கையோடு இன்னொரு கேள்வியும் வரும். "டீச்சர், வீட்ல எல்லாரும் ஆளுக்கொரு போனோட உட்கார்ந்திருக்கோம். சேர்ந்து விளையாட நாலு விளையாட்டு வாங்கி வைக்கலாம்னு பார்க்கிறோம். எதுல ஆரம்பிக்கிறது?" அவர்களுக்குச் சொல்வதைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

பல்லாங்குழியில் ஆரம்பியுங்கள். கடையில் சொங்காக் பலகை என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு இது சுலபம். கே.எல். சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறினால் அடுத்த நிலையமே பசார் செனி. 1888-இல் மீனும் காய்கறியும் விற்கிற சந்தையாகத் தொடங்கிய இடம், இன்று கைவினைப் பொருள்களுக்குப் பேர்போனது. மரப்பலகை வாங்க வசதியில்லை என்றால் பிளாஸ்டிக் பலகையே போதும்.

ஏன் இதை முதலில் வாங்கச் சொல்கிறேன் தெரியுமா? ஒரு பலகைக்குக் காசு கொடுத்தால் இரண்டு ஆட்டம் கிடைக்கிறது. சொங்காக் பலகையில் பக்கத்துக்கு 7 சிறு குழிகள், இரு முனையிலும் ஒவ்வொரு பெரிய குழி. அந்தப் பெரிய குழியை மலாய்க்காரர்கள் 'ரூமா' என்பார்கள், வீடு. குழிக்கு 7 காய் என்று 98 காய்கள் வேண்டும். நம் பல்லாங்குழிக்கு அந்த 14 சிறு குழிகளே போதும். குழிக்கு 5 வைத்தால் 70 காய். பெரிய குழிகள் இரண்டும் ஜெயித்த காய்களைப் போட்டுக்கொள்ள வசதியாகிவிடும்.

காய்க்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம். பள்ளித் திடலோரம், பூங்காக்களில், பழைய சாலைகளின் ஓரத்தில் சாகா மரம் நிற்கும், பார்த்திருப்பீர்கள். சுருண்டு வெடித்த காயிலிருந்து சிவப்புச் சிவப்பாக விதை உதிர்ந்து கிடக்கும். அதுதான் நம் மஞ்சாடி. ஒரு விதை ஏறக்குறைய கால் கிராம் இருக்கும். அந்தக் காலத்துப் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுக்க இதைத்தான் எடையாக வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பை பொறுக்கி வந்தால், விளையாட்டு அங்கேயே ஆரம்பித்துவிடும். தாய்மார்கள் ஒன்றைக் கவனியுங்கள். சிவப்பு விதையில் ஓரமாகக் கறுப்புப் பொட்டு இருந்தால் அது குன்றிமணி. கடித்துத் தின்றால் கொடிய விஷம். வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் எந்த விதையானாலும் பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். எளிதில் வாய்க்குள் போகிற அளவு அது.

எங்கள் கழகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலை மேசையில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தார்கள். பள்ளிப் பாதுகாவலர், பிள்ளைகளுக்கு அவர் பாக்சிக், கேட்டைப் பூட்டிவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார். ஒரு பெண்ணின் கையிலிருந்த கடைசிக் காய் விழுந்தது. அடுத்த குழி காலி. அவள் அந்த வெற்றுக் குழியை விரலால் துடைத்துவிட்டு, அதற்கு அடுத்த குழியில் இருந்ததை அள்ளிக்கொண்டாள். நம் முறை அதுதானே! பாக்சிக் பதறிவிட்டார். சொங்காக்கில், கடைசிக் காய் உன் பக்கத்து வெற்றுக் குழியில் விழுந்தால் எதிர்க்குழியில் இருப்பது உனக்கு. அதற்கு 'தெம்பாக்' என்று பெயர், சுடுவது. தன் பெரிய குழியில் கடைசிக் காய் விழுந்தால் இன்னொரு முறையும் ஆடலாம். நம் ஆட்டத்தில் அது கிடையாது. நம்மிடம் இருக்கிற பசு அவர்களிடம் கிடையாது. ஒரு குழியில் சரியாக 4 காய் சேர்ந்துவிட்டால் அது பசு, குழிக்குரியவர் எடுத்துக்கொள்ளலாம்.

பேரனை அழைத்துப்போக வந்திருந்த ஒரு பாட்டி இந்த வழக்கில் நுழைந்தார். "நாலு சேர்ந்தா பசுடி, எடுத்துக்கோ! அவர் சொல்றது அவங்க ஆட்டம்." பிறகென்ன? ஓர் ஆட்டம் பாட்டி முறை, ஓர் ஆட்டம் பாக்சிக் முறை. பாட்டிக்கு மலாய் அரைகுறை, பாக்சிக்குக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. சொங்காக்கில் முதல் சுற்றை இருவரும் ஒரே நேரத்தில் ஆடவேண்டும். 2 பேர் கையும் எதிரெதிரே ஓடுவதைப் பார்க்க, வேன் காத்துக்கொண்டிருப்பதையும் மறந்து பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

இன்னொரு பையன், இரண்டாம் ஆண்டு. வகுப்பில் கழித்தல் கணக்கைக் கண்டால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவான். பலகை முன்னால் உட்கார்ந்தால் குழியைத் தொடாமலே கண்ணால் எண்ணி, "டீச்சர், இத எடுத்தா அங்க முடியும்" என்று விரல் காட்டுவான், சரியாகவே இருக்கும். அவனை நினைத்துத்தான் கழகத்துக்கு இரண்டாவது பலகை கேட்டு வாங்கினேன். இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. நேரம் ஓடுகிறது, மற்றதைச் சுருக்கிச் சொல்கிறேன்.

அடுத்து கேரம். இடம் இருக்கிற வீட்டுக்குக் கட்டாயம் வேண்டும். ஆடுகளம் 74 சென்டிமீட்டர் சதுரம், சட்டத்தோடு சேர்த்து இன்னும் கொஞ்சம் பெரிது. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் சுவரை அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள், ஆடாத நேரத்தில் சாய்த்து வைக்க இடம் வேண்டுமே. 9 வெள்ளை, 9 கறுப்பு, ஒரு சிவப்பு. தோட்டத்து லயங்களில் வளர்ந்த அப்பாக்களிடம் பலகையைக் கொடுத்துப் பாருங்கள், விரல் மறந்திருக்காது. அனைத்துலகக் கேரம் சம்மேளனம் 1988-இல் சென்னையில்தான் தொடங்கியது. இரண்டு முறை உலக வெற்றியாளரான மரிய இருதயம் சென்னைக்காரர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் 3 தங்கம் வாங்கிய காசிமாவும் சென்னைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். இதைச் சொல்லிவிட்டு ஸ்டிரைக்கரைக் கொடுத்தால், எங்கள் பெண்பிள்ளைகள் பிடிக்கிற பிடியே வேறாகிவிடுகிறது.

மூன்றாவதை நீங்களே வீட்டில் செய்துகொள்ளலாம். 2016-இல் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருது வாங்கியது கோட்நேம்ஸ். மேசையில் 25 சொற்களைப் பரப்பி 2 அணியாகப் பிரிந்து ஆடுவது. தலைவர் ஒரே ஒரு சொல்லையும் ஓர் எண்ணையும் சொல்வார். அணியினர் அவர் மனதிலுள்ள அட்டைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். பழைய நாள்காட்டி அட்டையை வெட்டி நாங்கள் தமிழிலேயே எழுதிக்கொண்டோம். குடும்ப தினத்தன்று ஒரு தாத்தா தலைவராக உட்கார்ந்து, "பத்துமலை, 3" என்றார். குகை, படி, குரங்கு மூன்றையும் பேத்தி மூச்சுவிடாமல் எடுத்தாள். தாத்தா நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார்! 25 தமிழ்ச் சொல் கிடைக்காத வீடு உண்டா, நேயர்களே?

அதன்பிறகு கடைப்பெட்டிகளுக்குப் போங்கள். பெட்டியின் ஓரத்தில் எத்தனை பேர், எத்தனை வயது, எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கும். படத்தைப் பார்க்கும் முன்னால் அதைப் படியுங்கள். 1995-இல் வந்த கத்தான் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அந்தப் பெட்டி 3, 4 பேருக்குத்தான். அம்மா, அப்பா, 3 பிள்ளைகள், பாட்டி என்றால் இரண்டு பேர் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். வண்ண ஓடுகளை அடுக்கும் அசூலில் ஆடும்போது படிக்க எழுத்தே இல்லை என்பதால், எந்த மொழி படித்தவரும் ஆடலாம். சண்டை போடும் பிள்ளைகள் இருந்தால் பாண்டெமிக் பாருங்கள். எல்லாரும் ஒரே அணி, ஜெயித்தாலும் தோற்றாலும் சேர்ந்தே. விலை கூடுதலான பெட்டியை வாங்கும் முன், விளையாட்டுக் கஃபே எதிலாவது ஒருமுறை ஆடிப் பார்த்துவிடுங்கள்.

வாங்கியதைப் பத்திரமாக வைக்கவும் வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் அட்டை உப்பும், பூஞ்சை பிடிக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

நேரம் முடிகிறது. பலகை, கேரம், கையால் எழுதிய அட்டைகள், நன்றாகப் பார்த்து வாங்கிய ஒரே ஒரு பெட்டி. முதல் ஆண்டுக்கு இவ்வளவு போதும். வரும் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் சொங்காக் பலகையையும் எடுத்து வைப்பீர்கள் என்று நம்புகிறேன். பக்கத்து வீட்டு மாக்சிக் வந்து உட்கார்ந்தால், யார் முறைப்படி ஆடுவது என்பதை முதல் காயை எடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.