கருவியைக் காப்பவர் யார்?



குற்றாலத்து ஐந்தருவியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மலைமீதிருந்து வரும் நீர் ஒன்றே. பாறையின் முகப்பில் அது ஐந்து கிளைகளாகப் பிரிந்து வீழ்வதால், பலர் ஒருங்கே நின்று நீராட இடம் கிடைக்கின்றது. பெரும்பணிகளும் இத்தகையனவே, முறையாகப் பிரித்தால்தான் அவை பலர் கைக்கு எட்டும். இதற்கு இராணுவத்திலிருந்து ஓர் உதாரணம் கூற விரும்புகின்றேன்.

ஒரு படையிடம் லாரி, டாங்கி, பீரங்கி, கம்பியில்லாத் தந்திக் கருவி என எண்ணற்ற தளவாடங்கள் உண்டு. அவற்றைப் பழுது பார்ப்பவர் யார்? ஓட்டுநரே அனைத்தையும் செய்யட்டும் என்றால், அதற்கு வேண்டிய பயிற்சியும் கருவிகளும் அவரிடம் இல்லை. எல்லாவற்றையும் தொலைவிலுள்ள பெரிய தொழிற்கூடத்திற்கு அனுப்புவோம் என்றாலோ, நீர்க்குழாய் கசிகின்ற ஒரு லாரிக்காகப் போர்முனை வீரர்கள் குண்டுக்கும் உணவுக்கும் காத்துக் கிடக்க நேரும். அந்தத் தாமதத்திற்கு விலை மனித உயிர்.

ஆகவே இப்பணியைப் படிப்படியாகப் பிரித்தனர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படை இதனை ஐந்து படிகளாக வகுத்திருந்தது. பிரிட்டனில் 1942-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி இதற்கெனத் தனிப் பொறியாளர் படைப்பிரிவு தோன்றியது. இந்தியாவில் 1943-இல் அத்தகைய பிரிவு அமைந்தது. இன்றும் அக்டோபர் 15-ஆம் நாளை அது தன் ஆண்டு விழாவாகக் கொண்டாடுகின்றது.

நம் படையில் நடைபெறும் முறையைச் சற்று நோக்குவோம். முதற்படி, வண்டியை ஓட்டுபவர். வண்டியைக் கிளப்புமுன் எண்ணெய், தண்ணீர், டயரின் காற்று, பாட்டரி ஆகியவற்றைப் பார்ப்பதும், தளர்ந்த திருகை முடுக்குவதும் அவர் கடமை. அடுத்த படியில், அந்தப் பிரிவுடனேயே இருக்கும் மெக்கானிக்குகள் சிறு பழுதுகளைத் தீர்ப்பர். அதற்கு மேற்பட்டது, படையைத் தொடர்ந்து செல்லும் களப்பட்டறை. பழுதான பெரிய உறுப்பைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தி, வண்டியை விரைவில் திருப்பி அனுப்புவது அதன் வேலை. இறுதிப் படி, மீரட், ஆக்ரா, கிர்கி, பெங்களூர் போன்ற இடங்களில் நிறுவப்பெற்ற தளப்பட்டறைகள். அங்கே இயந்திரத்தைக் கடைசித் திருகாணி வரை பிரித்துப் புதுப்பிப்பர்.

எந்த வேலை எந்தப் படிக்கு உரியது என்பதை முடிவு செய்வது பதவியின் உயர்வு தாழ்வு அன்று. எவ்வளவு நேரம் ஆகும், எத்தகைய திறமை வேண்டும், தேவையான கருவிகளைப் படையோடு தூக்கிச் செல்ல இயலுமா என்னும் மூன்று கேள்விகளே. இயன்றவரை போர்முனைக்கு அருகிலேயே பழுது நீக்க வேண்டும். குறித்த நேரத்தில் முடியாததை மட்டுமே மேலே அனுப்ப வேண்டும் என்பது விதி.

படிகளின் எண்ணிக்கை மாறக்கூடியதே. உறுப்புக்களை முழுமையாக மாற்றுவது எளிதானதும், அமெரிக்கப் படை இந்த நூற்றாண்டில் இரண்டே படிகளாகச் சுருக்கிக்கொண்டது. ஆயினும் கருவியைக் கையாள்பவர் அன்றாடம் அதனைக் கவனிக்கும் கடமையை எவரும் நீக்கவில்லை. காலையில் காணாத சிறு கசிவே மாலையில் எஞ்சின் முறிவாகின்றது.

நம் நாட்டு உழவர்களும் இதனை அறிந்தவர்களே. வாய்க்காலைத் தூர் வாருவதும் கரையைக் காப்பதும் குடிமராமத்து என்னும் பெயரால் ஊரார் கடமையாயிருந்தன. அக்கடமையை வலியுறுத்தச் சென்னை மாகாணத்தில் 1858-இல் ஒரு சட்டமே பிறந்தது. எல்லாம் சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்று ஊரார் கைவிட்ட இடங்களில் வாய்க்கால்கள் மண்மேடிட்டன.

நானும் இத்தவற்றைச் செய்தவன். நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், அடிகுழாயின் தோல் வாஷர் தேய்ந்துவிட்டது. நான் மேலிடத்திற்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்தேன். வெயிற்காலத்தில் பிள்ளைகள் பல நாள் தண்ணீருக்கு அலைந்தனர். கடைசியில், அவ்வழியே வந்த சைக்கிள் கடைக்காரர் ஒருவர் அரைமணி நேரத்தில் அதனை மாற்றிக் கொடுத்தார். அந்த வெட்கத்தில், மறு ஆண்டு பள்ளியின் சுவர்க் கடிகாரம் நின்றபோது நானே அதனைத் திறந்தேன். வில்சுருளை முறித்து விட்டேன். முதலில் என் வேலையைப் பிறர் மேல் சுமத்தினேன். பின்னர்ப் பிறர் வேலையை நான் பறித்தேன். இரண்டும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள்.

மாணவர்களே, உங்கள் சைக்கிளின் சங்கிலிக்கு எண்ணெய் இடுவது உங்கள் வேலை. வளைந்த சக்கரத்தை நிமிர்த்துவது அத்தொழில் அறிந்தவர் வேலை. ஒரு கருவி உங்கள் கைக்கு வரும்போது, இதில் என் பங்கு எது, எந்த இடத்தில் நான் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வெல்லையை அறிந்து தத்தம் பங்கைத் தவறாது செய்பவர்களால்தான் படையும் பள்ளியும் ஊரும் நிலைபெறுகின்றன.