வரவு செலவுக்குப் பிறகு ஒரு கேள்வி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

குழுக் கூட்டத்துல சேமிப்பு கட்டுறோம், கடன் தவணை கட்டுறோம், தீர்மான நோட்டுல கையெழுத்துப் போடுறோம். இப்படிப்பட்ட கூட்டத்துக்குப் பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றும் சக்தி உண்டுன்னு சொன்னா நம்புவீங்களா? இது ஆராய்ச்சியில் தெரிந்த உண்மை.

2005 முதல் 2008 வரை ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் மூன்று மாவட்டங்களில் ஏக்ஜுட் என்ற அமைப்பு ஓர் ஆய்வு நடத்தியது. கிராமத்துப் பெண்கள் மாதம் ஒருமுறை கூடினார்கள். படம் பார்த்து, கதை பேசி, பிரசவத்துல என்ன பிரச்சினை வருது, நாமே என்ன செய்யலாம்னு யோசித்தார்கள். இப்படிக் கூட்டம் நடந்த ஊர்களில், பிறந்த ஒரு மாதத்துக்குள் குழந்தை இறக்கும் விகிதம், மற்ற ஊர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

அங்கே வீட்டுப் பிரசவம் அதிகம். அதனால் கை கழுவுவது, சுத்தமான பிளேடு வைத்துத் தொப்புள்கொடி அறுப்பது என்று பேசினார்கள். நம்ம தமிழ்நாட்டுல ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியிலதான். அப்ப நாம பேச வேண்டியது எது? ரத்தசோகை.

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. அதாவது ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே. அப்படிப்பட்ட தாய்க்குப் பிரசவத்துல உதிரப்போக்கு வந்தா உடம்பு தாங்காது.

அரசாங்கம் கொடுக்காமல் இல்லை. நாலாம் மாசத்திலிருந்து தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, 180 நாள். பிள்ளை பிறந்த பிறகும் 180 நாள். எல்லாம் இலவசம். 1987-ல் 300 ரூபாயில் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம், 2018-ல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. அதுல 14,000 பணம், மீதிக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். 12 வாரத்துக்குள் நர்சம்மாகிட்ட பதிவு பண்ணிடணும்.

ஆனா மாத்திரை அட்டை பல வீட்டுல அலமாரியிலேயே கிடக்குது. "கறுப்பா வெளிக்குப் போகுது", "குமட்டுது", "பிள்ளை பெருசாகி ஆபரேஷன் ஆயிடும்." கறுப்பா போறது இரும்புச்சத்தால்தான், பயப்பட வேண்டாம். குமட்டினா ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். டீ, காபியோடயும் கால்சியம் மாத்திரையோடயும் சேர்த்துப் போடக் கூடாது. மாத்திரையால ஆபரேஷன் ஆகும்ங்கறது உண்மையே இல்லை.

நர்சம்மா சொல்லிட்டுப் போயிடுவாங்க. தினம் அந்த வீட்டுப் பக்கத்துல இருக்கறது நாமதான். நம்மில் பலர் மாமியார்கள். ஒரு மாமியாரின் மனசை மாத்த இன்னொரு மாமியாராலதான் முடியும்.

அதனால ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கூட்டத்திலும் வரவு செலவு வாசித்த பிறகு ஒரு கேள்வி கேளுங்க: "நம்ம தெருவுல யாரு மாசமா இருக்கா? அவ வீட்டுக்கு யாரு போறது?" சபையில வச்சு அந்தப் பொண்ணைக் கேட்க வேண்டாம். பழக்கமான ஒருத்தர் வீட்டுக்குப் போய்ப் பேசட்டும். மூச்சு வாங்குது, தலை சுத்துதுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டும்.

ஒரு தவணை தவறினா வீடு தேடிப் போய் விசாரிக்கிறோமே, மாத்திரை தவறினாலும் போய் விசாரிப்போம்.