கடலோடிகளின் நகரில் ஒரு கரைவாசி
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

விழாச் செயலாளர் என்னிடம் வந்து, "ஐயா, கல்வியின் சிறப்பு, தாய்மொழியின் சிறப்பு எல்லாம் வருஷா வருஷம் பேசியாச்சு. இந்த வருஷம் நீங்க அந்தத் தண்ணி விளையாட்டைப் பத்திப் பேசுங்க, பிள்ளைங்க கேப்பாங்க" என்றார். 66 வயதுக்காரன் படகுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போன கதையைப் பரிசளிப்பு விழாவில் பேசுவதா என்று தயங்கினேன். அவர் விடுவதாக இல்லை. ஆகவே குற்றம் ஏதும் இருந்தால் பாதியை அவர் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் நாம் வாழும் இந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. செங்காங் என்ற சீனப் பெயருக்குச் செழிப்பான துறைமுகம் என்று பொருள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இந்த நகரை நிர்மாணித்தபோது ‘கடலோடிகளின் நகரம்’ என்ற எண்ணத்தை வைத்தே நிர்மாணித்தது. ஆங்கர்வேலில் இருக்கிறது நங்கூரம். காம்பஸ்வேலில் இருக்கிறது திசைகாட்டி. ரிவர்வேலில் ஓடுகிறது ஆறு. தினமும் எல்ஆர்டி ரயிலில் ஏறி இறங்குகிறோமே, அந்த நிலையப் பெயர்களை என்றாவது நின்று யோசித்ததுண்டா? லாயார் என்றால் மலாயில் கப்பற்பாய். தொங்காங் என்றால் சரக்கு ஏற்றும் தோணி. பக்காவ் என்றால் கழிமுகத்துக் கண்டல் மரம். காங்கார் என்பது அப்பர் சிராங்கூன் ரோடு போய் முடிகிற இடத்தில் உண்மையாகவே இருந்த மீனவர் கிராமம். 1980களில் அது போய்விட்டது. பெயர் மட்டும் ரயில் நிலையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஊரெல்லாம் கடற்பெயர். ஆனால் இந்த மண்டபத்தில் இருக்கும் பெரியவர்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? கையைத் தூக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கப்பற்படை கடாரம் வரை வந்ததைப் பேசாத தமிழ் விழா சிங்கப்பூரில் உண்டா? மலாய்க்காரர் ‘காப்பல்’ என்று சொல்வது நம்முடைய கப்பலைத்தான். ஆங்கிலேயர் ‘கட்டமரான்’ என்று சொல்வது நம்முடைய கட்டுமரத்தைத்தான். சொல்லை எல்லாருக்கும் வாரிக் கொடுத்துவிட்டு நம்மில் பலர் கரையிலேயே நின்றுகொண்டோம்.

நானும் அப்படி நின்றவன்தான். என் தகப்பனார் செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1968ல் அந்தப் பட்டறை செம்பவாங் கப்பல் பட்டறை என்று சிங்கப்பூரின் கைக்கு வந்தது. பின்னாளில் நானும் அங்கேயே ஃபிட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் 1938ல் திறந்த பெரிய உலர்துறை ஒன்று உண்டு. கப்பலை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீரை எல்லாம் வெளியே இறைத்துவிட்டு அடிப்பாகத்தைப் பழுது பார்ப்பார்கள். முப்பத்தைந்து வருஷம் கப்பலோடு வாழ்ந்தேன்; ஆனால் என் வாழ்க்கையில் கப்பல் உண்டு, தண்ணீர் கிடையாது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, எங்கள் குவார்ட்டர்ஸில் இரண்டு வீடு தள்ளி இருந்த என் தோழன் ஒருவன், பள்ளி விட்டு வந்த மத்தியானம், மற்றப் பையன்களோடு முகத்துவாரத்தில் இறங்கினான், திரும்பி வரவில்லை. அன்று எனக்குக் காய்ச்சல். இல்லாவிட்டால் நானும் போயிருப்பேன். மறுநாள் என் தாயார் என்னைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி, விளக்கைத் தொட்டுச் சத்தியம் வாங்கினார்கள்: "தண்ணியில இறங்க மாட்டேன்னு சொல்லு." சொன்னேன். அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் கடற்கரைக்குப் போனாலும் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. அந்தத் தாயைக் குறை சொல்ல முடியுமா? நீச்சல் சொல்லித் தர ஆளும் இல்லை, வசதியும் இல்லை. பயம் ஒன்றுதான் பிள்ளையைக் காப்பாற்ற அவர்களிடம் இருந்த கருவி.

இன்றைய நிலைமை வேறு. 2010லிருந்து ஸ்விம்சேஃபர் என்ற தேசியத் திட்டத்தின் வழியாகத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் நீந்தவும், தண்ணீரில் தங்களைக் காத்துக்கொள்ளவும் கற்கிறார்கள். என் பேத்தி அப்படிக் கற்றவள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவளைச் செங்காங் நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போய், துண்டை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பது வழக்கம். ஒரு நாள் அவள் கேட்டாள்: "தாத்தா, நான் மூழ்கினா நீங்க என்ன செய்வீங்க?" விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஆகவே 62 வயதில் நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கவே மூன்று வாரம் பிடித்தது. எட்டு மாதத்தில் குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ச் சேர்ந்தேன். அழகாக அல்ல, ஆனால் போய்ச் சேர்ந்தேன். தாயாரிடம் சொல்லவில்லை. குளம் வேறு, கடல் வேறு என்று மனத்துக்குள் ஒரு வக்கீல் வாதம் வைத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்த முகாம். மூன்று நாள், பெரியவர்களுக்கு மட்டும், புதிதாகப் பழகுவோருக்கு வேக்போர்டிங் என்று கூட நீந்தும் நண்பர் ஒருவர் சொன்னார். வேக்போர்டிங் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரே ஒரு பலகை. அதில் இரண்டு காலையும் பூட்ஸ் மாதிரியான பட்டையில் மாட்டிக்கொண்டு, விசைப்படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்து, பக்கவாட்டில் நின்று, படகு கிழித்துப் போகும் அலைத்தடத்தில் சறுக்குவது. இதற்கு மூத்த அண்ணன் நீர்ச்சறுக்கு. 1922ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பையன், பனிச்சறுக்குக்காரர் பனியில் போகும்போது நாம் ஏன் தண்ணீரில் போகக்கூடாது என்று இரண்டு பலகையைக் காலில் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினான். வேக்போர்டிங்கின் ஒற்றைப் பலகை வந்தது 1980களில்தான்.

நம் பக்கத்துக்கும் இது புதிதல்ல. பொங்கோல் முனையில் நண்டும் மீனும் சாப்பிடப் போன பழைய ஆட்களைக் கேட்டால், அங்கே நீர்ச்சறுக்குக்காரர்கள் பறந்ததைச் சொல்வார்கள். ஜோகூர் நீரிணை இரண்டு பக்கமும் நிலம் சூழ்ந்தது. பெரிய அலை கிடையாது. அதுதான் காரணம். 2015ல் சிங்கப்பூரில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது இந்தப் பந்தயங்களைப் பிடோக் நீர்த்தேக்கத்தில் வைத்தார்கள்.

மகனிடம் சொன்னேன். "அப்பா, உங்க வயசுக்கு லைன் டான்ஸ் இருக்கு, தை சி இருக்கு" என்றான். டாக்டரிடம் போனேன். இரத்த அழுத்தம், இருதயம், முதுகெலும்பு எல்லாம் பார்த்துவிட்டு, "போகலாம், ஆனால் சின்னப் பிள்ளைகளோடு போட்டி போடாதீர்கள்" என்றார். கடைசியாக, 88 வயதான என் தாயாரின் முன்னால் போய் உட்கார்ந்தேன். இது கடல். இனி வக்கீல் வாதம் செல்லாது. "அம்மா, அந்தச் சத்தியத்தைத் திருப்பித் தரணும்" என்றேன்.

எந்தச் சத்தியம் என்று அவர்கள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்தப் பையனின் பெயரைச் சொன்னார்கள். அறுபது வருஷத்தை நெருங்கியும் அவர்களுக்கு அது மறக்கவில்லை. "அவங்க அம்மா அப்புறம் அந்த வீட்டுல இருக்க மாட்டேன்னுட்டா" என்றார்கள். நெடுநேரம் கழித்து, "படகுல கட்டியிருக்கிற கயிறு கெட்டியா இருக்கான்னு நீயே இழுத்துப் பாத்துக்க" என்றார்கள். அவ்வளவுதான் அனுமதி.

முகாமில் எட்டுப் பேர். நான்தான் மூத்தவன், அடுத்தவருக்கு 53. முதல் நாள் காலை முழுவதும் தரையிலேயே பாடம். பின்னாலிருந்து லேசாகத் தள்ளிப் பார்ப்பார்கள். எந்தக் கால் தானாக முன்னே வருகிறதோ அதுதான் பலகையில் முன்கால். எனக்கு இடது கால். பிறகு முழங்காலை மடக்கி உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எதிரில் ஒருவர் கயிற்றை இழுக்க எழுந்து பழகினோம். தரையில் நான்தான் முதல் மாணவன்! தண்ணீரில் இறங்கியதும் கதை தலைகீழாகிவிட்டது.

மிதவை அங்கி நம்மைத் தூக்கி வைத்துக்கொள்ளும். மல்லாந்து மிதந்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, பலகையைக் குறுக்காக நிறுத்திக் காத்திருக்க வேண்டும். படகு புறப்பட்டதும் தண்ணீர் மலை மாதிரி பலகையில் வந்து மோதும். அந்த நேரத்தில் மனிதன் இயல்பாகச் செய்வது இரண்டு. ஒன்று, கைப்பிடியைத் தன் பக்கம் இழுப்பான். உடனே மல்லாக்க விழுவான். மற்றொன்று, சட்டென்று எழுந்து நிற்கப் பார்ப்பான். பலகை மூக்கால் உழுது குப்புறக் கவிழ்க்கும். இரண்டையும் செய்யாமல், கையை நீட்டியபடி, குந்திய நிலையிலேயே விட்டுக்கொடுத்தால், படகு வேகம் பிடிக்கப் பிடிக்கத் தண்ணீரே பலகையை அடியிலிருந்து தூக்கி மேற்பரப்புக்குக் கொண்டுவரும். அதற்குப் பின்புதான் எழ வேண்டும். மணிக்கு 25, 30 கிலோமீட்டர் வேகம் போதும்.

சொல்வது எளிது. பட்டறையில் இழு, தூக்கு, முறுக்கு என்றே பழகிய கைகள் எனக்கு. கயிறு இறுகினால் இழுக்காமல் இருக்க அவற்றுக்குத் தெரியாது. முதல் நாள் ஐந்து முறை போய் ஐந்து முறையும் விழுந்தேன். மூக்கு வழியாக ஜோகூர் நீரிணையில் பாதியைக் குடித்தேன் என்றே நினைக்கிறேன். எங்களோடு வந்த ஒல்லியான சீன அம்மாள் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், இரண்டாவது முறையிலேயே எழுந்துவிட்டார். கை பலம் இல்லாததே அவருக்கு வரமாகிவிட்டது. பயிற்சி கொடுத்த மலாய்ப் பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கலாம். ஒவ்வொரு முறையும் படகைத் திருப்பிக் கொண்டுவந்து, கோபம் இல்லாமல், "அங்கிள், நீங்க இழுக்க வேண்டாம்லா, படகு இழுக்கட்டும்" என்பான். எனக்குப் பாடம் சொல்லும் எவரும் இவ்வளவு இளையவராக இருந்ததில்லை. அதையும் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது.

வயதானவர்களுக்கு ஒன்று சொல்வேன். விழுந்தால் வலிப்பது அன்றைக்கல்ல, மறுநாள். முன்கை இரண்டும் கட்டையாகிவிட்டன. காப்பிக் கோப்பையைத் தூக்க இரண்டு கை தேவைப்பட்டது. இரண்டாம் நாள் மூன்று முறையோடு நிறுத்திக்கொண்டு படகிலேயே உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்தேன். மத்தியானம் இடிமின்னல் எச்சரிக்கை வந்து எல்லாரையும் கரையேற்றிவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

மூன்றாம் நாள் இரண்டாவது முறை. கையைப் பற்றி நினைக்கவே கூடாது என்று ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணத் தொடங்கினேன். ஐந்து எண்ணும்போது முகத்தில் அடித்துக்கொண்டிருந்த தண்ணீர் திடீரென்று காணாமற் போயிற்று. குனிந்து பார்த்தால் தண்ணீர் காலுக்குக் கீழே இருக்கிறது! முன்னே உபின் தீவு, இடப்பக்கம் ஜோகூர்க் கட்டடங்கள், பலகைக்கு அடியில் துணி கிழிவது போல ஒரு சத்தம். படகில் இருந்தவர்கள் ஏதோ கத்துகிறார்கள், காதில் விழவில்லை. பதினேழு வரை எண்ணினேன். பதினெட்டுக்குக் கடலில் இருந்தேன். மிதந்துகொண்டே, படகு திரும்பி வரும்வரை, அந்தப் பத்து வயதுத் தோழனை நினைத்தேன். அவனுக்கும் ஒரு மிதவை அங்கி இருந்திருந்தால் என்று நினைத்தேன். வேறு யாரிடமும் அதைச் சொல்லவில்லை, இன்றுதான் சொல்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் தாயார் கேட்டது ஒரே கேள்வி: "கயிறு அறுந்துச்சா?" "இல்லம்மா." "சரி, சாப்பிடு."

பதினேழு எண்ணிக்கைக்கு இவ்வளவு பேச்சா என்று மாணவர்கள் சிரிக்கலாம். அமெரிக்காவில் ஜார்ஜ் பிளேர் என்று ஒருவர் இருந்தார்; 1915ல் பிறந்தவர். எப்போதும் மஞ்சள் உடுப்பு அணிவதால் ‘பனானா ஜார்ஜ்’ என்று பெயர். நீர்ச்சறுக்கைக் கற்றபோது அவருக்கு வயது 40. 46 வயதில் பலகையே இல்லாமல் வெறுங்காலில் சறுக்கக் கற்றார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் சறுக்கிவிட்டு, 2013ல் 98 வயதில் காலமானார். அவரோடு ஒப்பிட்டால் நான் பிந்தித் தொடங்கியவன். ஆனால் என் தாயாரின் வயதைப் பார்த்தால் எனக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.

போன மாதம் இந்தப் பள்ளியின் வகுப்புகளைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு வகுப்பில் பின்வரிசையில் இரண்டு தாய்மார்கள், பிள்ளைகளோடு சேர்ந்து அ, ஆ எழுதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பென்சிலை அழுத்திப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துப் போயிருந்தது. அந்தப் பிடியை எனக்குத் தெரியும். ஆசிரியை பக்கத்தில் போய், விரலை மெல்லத் தளர்த்திவிட்டார். இன்றைய பரிசுப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். அவர்கள் பெயர் அதில் இல்லை. ஆட்சிக் குழுவினர் அடுத்த ஆண்டு அதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் செங்காங் நீச்சல் குளத்தில், ஆழமில்லாத பக்கம், நாங்கள் ஆறேழு பெரியவர்கள் இருப்போம். நீந்தத் தெரியாத தாத்தா பாட்டிகள் தயங்காமல் வரலாம். துண்டு மட்டும் கொண்டு வாருங்கள். கோப்பைகள் மேசையில் காத்திருக்கின்றன. பிள்ளைகளின் கண் என் மேல் இல்லை, அவற்றின் மேல் இருக்கிறது.